கன்றை ஐப்பசியில் நடுங்கள், படத்தை ஆவணியில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் திருகோணமலையில் தச்சு வேலை செய்பவன். என் அப்பா மரக்காலையில் வேலை செய்தவர், அதனால் சின்ன வயதில் முதிரை, பாலை, கருங்காலி எல்லாம் எனக்குப் பலகையாகத்தான் பழக்கம். இலை எப்படி இருக்கும், பூ எப்போது வரும் என்று ஒன்றும் தெரியாது. நாற்பத்தெட்டு வயதுக்குப் பிறகுதான் அந்த மரங்களை உயிரோடு பார்க்கத் தொடங்கினேன். அதற்குக் காரணம், சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து சிரமதானமாகப் பராமரிக்கும் ஒரு மரத்தோட்டம். பழத்துக்காகவோ பலகைக்காகவோ வளர்க்கும் தோட்டம் இல்லை. எங்கள் பக்கத்துக் காட்டு மரங்களில் ஒவ்வொரு இனத்திலும் சிலதையாவது ஒரே இடத்தில் வளர்த்து, பெயர் எழுதி, பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்க்கவும் விதை எடுத்துப் போகவும் வைத்திருக்கிற காணி. இந்தக் கடிதம் அதைப் பற்றியும், உங்களிடம் ஒரு கோரிக்கை பற்றியும்.

ஒவ்வொரு வருடமும் ஜூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினம் முடிந்ததும் உங்கள் பத்திரிகையில் மரம் நடும் படங்கள் வருகின்றன. அதில் நிற்பவர்களை நான் குறை சொல்லவில்லை, நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் ஜூன் எங்களுக்குக் கச்சான் காற்று வீசும் மாதம். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய சூட்டுக் காற்றாக எங்கள் பக்கம் இறங்கும். திருகோணமலையில் ஜூன் மாதத்தில் சராசரியாக 30 மில்லிமீற்றர் மழைகூட வருவதில்லை, நவம்பரிலும் டிசம்பரிலும் ஒவ்வொரு மாதமும் 300க்கு மேல் வருகிறது. அப்படியிருக்க ஏன் ஜூனில் நடுகிறோம்? நாங்களும் முதல் வருடம் அதைத்தான் செய்தோம். ஓர் அலுவலகம் கன்றும் பதாகையும் தந்தது, அறுபது கன்று நட்டோம், இரண்டு வாரம் பவுசரில் தண்ணீர் வந்தது, அப்புறம் வரவில்லை. ஆவணி மாதம் எண்ணிப் பார்த்தபோது ஒன்பதுதான் உயிரோடு இருந்தது. அன்றைக்கு என்னோடு நின்ற பொடியன் ஒருவன் காய்ந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உரப்பையில் போட்டதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் நாட்காட்டியை மாற்றிவிட்டோம். பாலைப்பழம் ஜூன், ஜூலையில் வரும், அப்போதே விதை சேர்த்துவிட வேண்டும். சந்தையில் பழம் வாங்கிச் சாப்பிடுகிறவர்களிடம் கொட்டையைத் துப்பாமல் ஒரு போத்தலில் போட்டுத் தரச் சொல்லி வைத்திருக்கிறோம், கொண்டுவந்து தருகிறார்கள். வேப்பம் விதையை வைத்திருக்க முடியாது, சில கிழமைகளில் முளைக்கும் சக்தி போய்விடும், பொறுக்கியவுடன் போட வேண்டும். கொன்றை விதை அதற்கு நேர்மாறு. தோல் கல்லு மாதிரி, அரத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து ஊறவைத்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். இந்த வேலைக்கு என் பட்டறை அரத்தாள் துண்டுகள் போதும். கன்று வளர்க்கப் புதுப் பொலித்தீன் பை வாங்குவதில்லை, வீடுகளில் மிஞ்சும் பால்மாப் பைக்கற்றுகளைக் கழுவி அடியில் துளை போட்டுப் பாவிக்கிறோம்.

புரட்டாசியில் குழி வெட்டத் தொடங்குவோம். மழைக்கு முன் நிலம் இரும்பு மாதிரி இருக்கும், அலவாங்கு இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனாலும் அப்போதே வெட்டி, சருகும் மாட்டெருவும் போட்டு வைத்தால்தான் முதல் மழைத் தண்ணீர் குழிக்குள் தங்கும். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து, கையை விட்டால் ஒரு முழம் ஆழத்துக்கு ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கன்றை இறக்குவோம். அப்படி நட்ட கன்றுக்கு மூன்று நான்கு மாதம் வானமே தண்ணீர் ஊற்றும், அதற்குள் வேர் கீழே போய்விடும். பாலைக் கன்று முதல் வருடம் வளர்ந்த மாதிரியே தெரியாது, மேலே நான்கைந்து இலைதான் நிற்கும், அந்த நேரம் அது கீழேதான் வேலை செய்துகொண்டிருக்கும். இதைத் தெரியாமல் எத்தனை பேர் வளராத கன்று என்று பிடுங்கி எறிந்திருப்பார்கள்.

என் தங்கையின் மகன் கனடாவில், குவெல்ஃப் என்ற ஊரில் இருக்கிறான். அங்கே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான பெரிய மரத்தோட்டம் இருக்கிறது, 1970இல் தொடங்கியது. எங்களுக்கு ஐப்பசி பிறக்கிற நேரம் அவர்களுக்கு இலையுதிர்காலம். மேப்பிள் இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும் படங்களை அனுப்புவான். அங்கே ஓக் மரத்துக் கொட்டைகளை விதைக்கப் பொறுக்குகிறவர்கள் முதலில் ஒரு வாளித் தண்ணீரில் போடுவார்களாம், மிதப்பது பூச்சி அரித்தது, தாழ்வது நல்லது. நாங்களும் பாலை விதையை அப்படித்தான் பார்க்கிறோம் என்று சொன்னேன், அவனுக்குச் சரியான சந்தோசம். பனி விழுந்து நிலம் உறைவதற்கு முன், மண்ணில் சூடு மிச்சம் இருக்கும்போதே வேர் பிடிக்கட்டும் என்று அங்கே பலர் அந்தக் காலத்திலும் கன்று நடுகிறார்கள். அவர்கள் குளிருக்கு முந்துகிறார்கள், நாங்கள் கோடைக்கு முந்துகிறோம். அங்கே குளிருக்குப் பயந்து மரம் இலையை உதிர்க்கிறது, எங்கள் முதிரையும் சவண்டலையும் வறட்சிக்குப் பயந்து உதிர்க்கின்றன, பாலையும் வீரையும் மட்டும் எந்த வெயிலிலும் பச்சையாக நிற்கும்.

சவண்டலை என்றதும் ஒரு விசயம் சொல்ல வேண்டும். சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலத்தில் இந்த மரத்துக்கு எங்கள் ஊர்ப் பெயரே பெயர், திருகோணமலை மரம் என்றுதான் அழைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் போய், அலையை வெட்டிக் கரைக்கு வரும் மசூலாப் படகுகள் கட்டப் பயன்பட்டது. நகரத்துக்குள் ஒரு சவண்டலையைக் காட்டுங்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை. எங்கள் தோட்டத்தில் இப்போது ஏழு நிற்கிறது. அதன் விதையில் உள்ள மயிர் கையைக் கடிக்கும், உறை போட்டுத்தான் எடுக்க வேண்டும், ஆனாலும் எல்லோரும் அந்த விதையைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பெயர்ப்பலகை எழுதுவது என் பொறுப்பு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுகிறோம், ஏனென்றால் வருகிறவர்களும் அப்படித்தான். கிண்ணியாவிலிருந்து ஒரு நானா பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் மகளையும் ஏற்றிக்கொண்டு வருவார், கந்தளாய்ப் பக்கத்திலிருந்து ஒரு சிங்கள அக்கா மாதம் ஒரு தடவை வருவார், தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் ஒரு சனிக்கிழமையும் விடுவதில்லை. பலகை எழுதும்போதுதான் பாலை அவர்களுக்குப் பலு, வீரை அவர்களுக்கு வீர என்று தெரிந்தது. சத்தம் போட்டு வாசித்துப் பார்த்தால் ஒரே மரத்தை இரண்டு வீட்டில் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். முதிரைதான் புருத, கருங்காலி களுவர, மருது கும்புக். வேலை முடிந்து பிளேன்டீயும் பணிசும் சாப்பிடும்போது நாங்கள் அதிகம் கதைப்பது இந்தப் பெயர்களைப் பற்றித்தான்.

கஷ்டங்களும் இருக்கின்றன. கட்டாக்காலி மாடுகள் ஒன்று, மான்கள் இன்னொன்று. கோட்டைப் பக்கத்து மான்கள் ஊருக்குள்ளும் கடற்கரையிலும் திரிவது எல்லோருக்கும் தெரியும், இரவில் வந்து இளங்குருத்தைக் கடித்துவிட்டுப் போகும். குப்பையில் பொலித்தீனைத் தின்கிற அந்தச் சீவன்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. கன்றைச் சுற்றி முள்ளுக்கொப்பு வைத்துக் கட்டுகிறோம், இரண்டு வருடம் தாண்டினால் அவற்றுக்கு எட்டாது. அப்புறம் வாடைக்காற்று. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியபோது விடியும்வரை கன்றுகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். 1964 டிசம்பர் சூறாவளிக்குப் பிறகு விழுந்த மரங்களை மாதக்கணக்கில் அரிந்ததாக அப்பா சொல்லியிருக்கிறார், அதுவும் ஞாபகம் வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் முட்டுக் கொடுத்த கன்றுகள் எல்லாம் நின்றன, சாய்ந்தது நான் முட்டுக் கொடுக்காமல் விட்ட ஒரு வாகைதான்.

நடுவதைப் பற்றியே எழுதிவிட்டேன், ஆனால் எங்கள் காணியில் பாதிக்கு மேல் நாங்கள் நட்டதே இல்லை. தம்புள்ளையில் 1963இல் சாம் பொப்ஹாம் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய மரத்தோட்டம் ஒன்று இருக்கிறது, கண்டலமைக்குப் போகும் வழியில். உலர்வலய மரங்களுக்கென்றே உள்ளது. கன்று நட்டு நட்டுப் பலன் இல்லாமல், கடைசியில் அவர் செய்தது என்னவென்றால் பற்றையை மட்டும் வெட்டி, மண்ணுக்குள் ஏற்கெனவே இருந்த வேரும் விதையும் தானாக எழும்ப இடம் விட்டதுதான். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு நாங்களும் நாயுண்ணிப் பற்றையை மட்டும் கவனமாக வெட்டினோம். உள்ளே வீரையும் காயாவும் விண்ணாங்கும் முழங்கால் உயரத்துக்கு ஒளிந்து நின்றன. எத்தனை வருடம் அப்படி நின்றனவோ! வெட்டும்போது எது பற்றை, எது கன்று என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அதனால்தான் இலை பார்த்து மரம் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். சனிக்கிழமை காலையில் ரியூசன் இருப்பதால் பிள்ளைகள் வருவதே பெரிய பாடு. ஒரு மணி நேரம் பிந்தி வகுப்பைத் தொடங்க ஒப்புக்கொண்ட ஓர் ஆசிரியருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். ஜூன் 5இல் படம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, அன்றைக்கு விதை சேர்க்கிற படம் போடுங்கள், பாலைப்பழம் சாப்பிடுகிற படம் போடுங்கள். கன்று நடுகிற செய்தியை ஐப்பசி, கார்த்திகையில் போடுங்கள். வடக்கு மாகாணத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்து நடத்தினார்கள், கிழக்கிலும் மழை அப்போதுதான், எங்களுக்கும் அது பொருந்தும். முக்கியமாக, இந்த மாரியில் யார் எங்கே எத்தனை கன்று நட்டார்கள் என்று எழுதி வைத்து, வருகிற ஆவணியில் உங்கள் நிருபரை அதே இடங்களுக்கு அனுப்புங்கள். எத்தனை நிற்கிறது என்று எண்ணி அந்தப் படத்தை முதல் பக்கத்தில் போடுங்கள். முதலில் எங்கள் தோட்டத்துக்கு வரட்டும். செத்ததையும் மறைக்காமல் காட்டுவோம்.

இந்தச் சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தொடங்குகிறோம். நிழலில் நாற்பது பாலைக் கன்று காத்திருக்கிறது, குழி முப்பத்தொன்றுதான் வெட்டி முடிந்தது. வருகிறவர்கள் அலவாங்கு இருந்தால் கொண்டுவாருங்கள், எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தச்சுத் தொழிலாளி,
திருகோணமலை.