கிணற்றில் நஞ்சு: அச்சம் யாரைக் கைகாட்டுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்ட வன்முறை குறித்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அச்சம் மனிதனின் ஆதி இயல்பு என்றும், அச்சத்தின் பிடியில் சிக்கிய கூட்டத்துக்கு அறிவு வேலை செய்யாது என்றும், எனவே எந்த நூற்றாண்டிலும் இத்தகைய கொலைகளைத் தவிர்க்க முடியாது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். முதல் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதை, பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் வரலாற்றில் அரண்டுபோன ஊர்களுக்கு இருண்டதெல்லாம் பேயாகத் தெரிந்ததில்லை. ஏற்கெனவே யாரிடம் கடன்பட்டிருந்தார்களோ, யாருக்குத் தீங்கு இழைத்திருந்தார்களோ, யாரை அயலான் என்று ஒதுக்கி வைத்திருந்தார்களோ அவர்கள் மட்டுமே பேயாகத் தெரிந்தார்கள். அந்தத் தேர்வை அச்சம் செய்வதில்லை. மனிதர்கள் செய்கிறார்கள், பல வேளைகளில் பதவியில் இருக்கும் மனிதர்கள் செய்கிறார்கள்.

இதற்கு ஒரே ஒரு வதந்தியின் வரலாற்றைப் பார்த்தாலே போதும். “அவர்கள் நம் கிணற்றில் நஞ்சு கலந்துவிட்டார்கள்” என்பதே அது. கி.மு. 430இல் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் கொள்ளைநோய் தலைகாட்டியபோது, போரில் எதிரியாக இருந்த ஸ்பார்ட்டாவின் அணியினர் நீர்த்தொட்டிகளில் நஞ்சிட்டதாக மக்கள் பேசிக்கொண்டதை, அந்த நோயில் தாமே விழுந்து பிழைத்த வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பேச்சினால் யாரும் அடித்துக் கொல்லப்பட்டதாக அவர் எழுதவில்லை. சந்தேகிக்கப்பட்ட எதிரி மதிலுக்கு வெளியே, கைக்கு எட்டாத தொலைவில் இருந்தான். அதே வதந்திக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அண்டை வீட்டார் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அறிய ஐரோப்பா 1348 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிளேக் சிசிலித் தீவில் இறங்கியது 1347இல். அடுத்த ஆண்டு, ஜெனிவா ஏரிக்கரையிலுள்ள சில்லான் கோட்டையில் யூதர்கள் சிலர் சித்திரவதை செய்யப்பட்டு, கிணறுகளில் நஞ்சிட்டதாக ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார்கள். அந்த வாக்குமூலங்களின் படிகள் நகரம் நகரமாக அனுப்பப்பட்டன. இன்று பிரான்சில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகர மன்றத்துக்கும் வந்து சேர்ந்தன. வதந்திக்கு இப்போது முத்திரை குத்திய ஆவணம் கிடைத்துவிட்டது. மறுபக்கத்தில், போப் ஆறாம் கிளமென்ட் அதே 1348இல் வெளியிட்ட ஆணையில், யூதர்களும் இந்நோயால் மடிகிறார்கள், யூதர்களே வாழாத நாடுகளிலும் நோய் பரவியிருக்கிறது, பிறகு எப்படி அவர்கள் காரணமாக முடியும் என்று கேட்டிருந்தார். அறுநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு, நுண்ணுயிரியைப் பற்றி எவரும் கேள்விப்படாத காலத்தில், கையிலிருந்த சான்றுகளை மட்டும் வைத்து ஒருவர் சரியாகச் சிந்தித்திருக்கிறார். ஆகவே அக்காலத்து மக்களுக்கு வேறு வழியில் யோசிக்கத் தெரியாது என்று நாம் சாக்குச் சொல்ல முடியாது.

ஸ்ட்ராஸ்பர்க் நகர மன்றமும் முதலில் அசையவில்லை. குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று மன்றத்தின் தலைவர்கள் நின்றார்கள். நிதானம் காக்குமாறு ஜெர்மனியின் கொலோன் நகரமும் 1349 ஜனவரியில் அவர்களுக்குக் கடிதம் எழுதியது. பிப்ரவரியில் கைவினைஞர் சங்கங்கள் பிரபுக்களின் துணையோடு அந்த மன்றத்தைக் கவிழ்த்துப் புதிய மன்றத்தை அமர்த்தின. அடுத்த சில நாள்களில், பிப்ரவரி 14 அன்று, யூதர்கள் அவர்களுடைய இடுகாட்டுக்கே இழுத்துச் செல்லப்பட்டு, அங்கு அமைக்கப்பட்ட மரமேடையில் எரிக்கப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த அடகுப் பொருள்களும் கடன் பத்திரங்களும் கடன் வாங்கியவர்களிடமே திருப்பித் தரப்பட்டன. ரொக்கப் பணம் கைவினைஞர்களிடையே பங்கிடப்பட்டது. அந்தச் சொத்துதான் யூதர்களைக் கொன்ற நஞ்சு என்று அந்நகரின் பழைய வரலாற்றேடே எழுதி வைத்திருக்கிறது. இவ்வளவுக்கும், எரித்த நாளில் அந்நகருக்குப் பிளேக் வந்திருக்கவே இல்லை. அது வந்தது அந்த ஆண்டின் கோடையில்தான், தடுக்க யாரும் இல்லாமல். நிதானம் போதித்த கொலோனும் ஆகஸ்ட் மாதத்தில் தன் ஊர் யூதர்களைக் கொன்றது என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல புத்தி ஒருமுறை இருந்தால் அது நிலைத்திருக்கும் என்று எந்த நகரமும் நம்பியிருக்க முடியாது.

காலரா ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோதும் கதை மாறவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் மாறினார்கள். 1831இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் சென்னயா சதுக்கத்தருகே மருத்துவமனையைத் தாக்கிய கூட்டம் மருத்துவர்களையே நஞ்சிட்டவர்கள் என்று கொன்றது. 1832 ஏப்ரலில் பாரிஸ் காவல்துறைத் தலைவர் கிஸ்கே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார். அரசின் மீது பழிபோட விரும்பும் கயவர்கள் மதுக்கடைகளிலும் இறைச்சிக் கடைகளிலும் நஞ்சு தூவித் திரிவதாக அதில் அவரே எழுதினார். அரசியல் எதிரிகளை மடக்கும் நோக்கம் அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால் அதைப் படித்த தெருவோ, நஞ்சு இருப்பதைக் காவல்துறையே ஒப்புக்கொண்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டது. அதன்பின் கையில் பொட்டலத்தோடு நடந்த அப்பாவிகள் சிலர் பட்டப்பகலில் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

இவற்றையெல்லாம்விட நம் காலத்துக்கு நெருக்கமானதும், நம் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு வரி கூடப் பெறாததும் 1923ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்தது. செப்டம்பர் 1, பகல் 11.58 மணி, மதிய உணவுக்காக வீடுதோறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் டோக்கியோவையும் யோகொஹாமாவையும் நிலநடுக்கம் உலுக்கியது. மர வீடுகள் தீப்பிடித்து, இடிபாடுகளில் இறந்தவர்களைவிடத் தீயில் இறந்தவர்கள் அதிகமாயினர். மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். தொலைபேசி இணைப்புகள் அறுந்துபோயின, பெரும்பாலான செய்தித்தாள் அலுவலகங்கள் சாம்பலாகிவிட்டன. அன்று மாலைக்குள்ளாகவே, கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கிணற்றில் நஞ்சிடுகிறார்கள் என்ற பேச்சு பரவியது. ஏன் கொரியர்கள்? ஜப்பான் 1910இல் கொரியாவை விழுங்கியிருந்தது. 1919 மார்ச்சில் விடுதலை கேட்டு எழுந்த கொரிய மக்களைச் சுட்டு அடக்கியிருந்தது. நிலநடுக்க நாளில் உள்துறை அமைச்சராக இருந்த மிசுனோ, முன்பு கொரிய நிர்வாகத்தில் உயர்பதவி வகித்தவர்; 1919இல் சியோல் ரயில் நிலையத்தில் புதிய ஆளுநர் மீது குண்டு வீசப்பட்டபோது உடனிருந்தவர். நாம் அடித்தவன் நேரம் பார்த்துத் திருப்பி அடிப்பான் என்ற எண்ணம், அடித்தவரின் மனத்தை விட்டு ஒருபோதும் அகலாது. நிலம் அதிர்ந்தவுடன் அந்த எண்ணம் வெளியே வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் கொலைகள் அந்த அளவுக்குப் பெருகியதற்கு அந்த எண்ணம் மட்டுமே காரணமன்று. செப்டம்பர் 2 அன்று இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் காலை, புனபாஷி கடற்படைக் கம்பியில்லாத் தந்தி நிலையத்திலிருந்து உள்துறையின் காவல் பிரிவு நாடெங்கும் ஒரு செய்தி அனுப்பியது: கொரியர்கள் தீ வைக்கிறார்கள், வெடிகுண்டு வைத்திருக்கிறார்கள், கடுமையாகக் கண்காணிக்கவும். ஊர்க்காவல் குழுக்கள் மூங்கில் ஈட்டியும் வாளும் ஏந்திச் சாலைச் சந்திகளில் நின்றன. வழிப்போக்கர்களை நிறுத்தி, ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். கொரியர் நாவுக்குக் கடினமான ஒலிகள் அதில் இருந்தன. உச்சரிப்புத் தடுமாறியவர்கள் கொல்லப்பட்டார்கள். பல ஆயிரம் கொரியர்களும், அவர்களோடு சீனர்கள் பலரும் இவ்வாறு மாண்டார்கள். சீபா மாவட்டத்தின் புகுடா கிராமத்தில், தொலைவிலுள்ள ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்திருந்த ஜப்பானிய வணிகர்கள் ஒன்பது பேர், குழந்தைகள் உட்பட, பேச்சுவழக்கு வேறுபட்டதால் கொரியர்கள் என்று கருதப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அதே நாள்களில், அதே வதந்தி சுற்றிய, யோகொஹாமாவை அடுத்த சுருமி என்ற இடத்தில் காவல்நிலையத் தலைவராக இருந்தவர் ஒகாவா சுனேகிச்சி. ஏறத்தாழ முந்நூறு கொரியர்களை அவர் காவல் நிலையத்தில் அடைக்கலம் வைத்திருந்தார். நஞ்சு கலந்த நீர் இதோ என்று ஒரு புட்டியைக் கொண்டுவந்தவர்கள் முன்னிலையில் அதை வாங்கித் தாமே குடித்துக் காட்டினார். ஆயிரம் பேர் வரை திரண்டு வந்து அவர்களை ஒப்படைக்கச் சொன்னபோதும் அவர் மறுத்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜப்பான்வாழ் கொரியர்கள் 1953இல் தோசென்ஜி என்னும் பௌத்தக் கோயிலில் அவருக்கு நினைவுக்கல் நாட்டினார்கள். கட்டுரையாளர் சொல்வதுபோல் அச்சம் தானாகவே கொலையில்தான் போய் முடியும் என்றால், சுருமியில் கூடிய கூட்டம் என்ன வேறு இனத்து மனிதர்களா? அவர்களும் வீடிழந்தவர்கள், பிணங்களைக் கடந்து வந்தவர்கள். வேறுபட்டது வாசலில் நின்ற அதிகாரி ஒருவரே.

நம் நாட்டிலும் தண்ணீரைச் சுற்றிய அச்சம் புதிதன்று. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாத் ஊரில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் சவுதார் குளத்தில் இறங்கி நீர் பருகினார்கள். குளம் எல்லோருக்கும் உரியது என்று அவ்வூர் நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்தது. சற்று நேரத்தில், இவர்கள் அடுத்ததாக வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்ற பொய் பரப்பப்பட்டு, கலைந்து சென்றவர்கள் தடிகளால் தாக்கப்பட்டார்கள். பின்னர் குளத்துக்குச் சடங்கு செய்து ‘தூய்மை’ செய்தார்கள். இங்கே நோயும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. சாதியில் தங்களுக்கிருந்த உயர்நிலை போய்விடுமோ என்பது மட்டுமே அச்சம். இத்தகைய அச்சத்தையும் மனித இயல்பு என்ற அதே பெட்டியில் போட்டு மூடிவிடுவது தாக்கியவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கட்டுரையாளர் குறிப்பிட்ட 2018ஆம் ஆண்டு நிகழ்வுக்கு வருகிறேன். அது எங்கள் மாவட்டத்தில் நடந்தது. போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களுடன் காரில் வந்து வழி விசாரித்த, அறுபதைக் கடந்த அம்மா ஒருவர், அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அவரை அடித்தே கொன்றார்கள். அந்த வாரங்களில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் வாட்ஸ்அப் காணொளி ஒன்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்: மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கிறார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு அறிவிப்புப் பலகை காட்டும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். கூடவே வந்த குரல் பதிவுகள் வடமாநிலக் கும்பல் என்று அடையாளமும் சொல்லின. சில்லான் வாக்குமூலத்தின் படிகள் குதிரையில் போயின, இவை கைப்பேசியில் போயின.

அதே ஆண்டில் அதே காணொளிகள் தெலங்கானாவின் கத்வால், வனபர்த்தி பகுதிகளுக்கும் சென்றன. கோடையில் வாசலில் படுத்துறங்கும் கிராமத்தார் இருட்டும் முன்பே கதவைச் சாத்திக்கொள்வதை அங்கே ஒரு காவலர் கவனித்துச் சொல்ல, மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த ரெமா ராஜேஸ்வரி உடனே கிராமந்தோறும் காவலர்களை அனுப்பினார். அவர்கள் பறையறைந்தும் நாட்டுப்பாடல் பாடியும் வதந்தியின் பொய்யை விளக்கினார்கள். ஐயமிருந்தால் யாரை அழைப்பது என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய எல்லைக்குள் இந்த வதந்தியால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த மக்களுக்கும் பிள்ளைகள் மேல் நம்மைப் போலவே பாசம், நம்மைப் போலவே பயம்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். 1923இல் தீயில் தப்பிய வெளியூர் இதழ்கள் பல, கொரியர் கலகம் என்ற செய்தியைச் சரிபாராமல் அச்சிட்டன. உண்மை தெரிந்தபின் படுகொலைகளைப் பற்றி எழுத அரசு விதித்த தடை அக்டோபர் 20 வரை நீடித்தது. பொய்யைப் படித்தவர்களுக்கு மறுப்பு உரிய நேரத்தில் போய்ச் சேரவே இல்லை. இன்று நம் இதழ்களில் ‘பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாட்டமா?’ என்று கேள்விக்குறியுடன் முதல் பக்கத்தில் வரும் தலைப்புக்கு, இரண்டு நாள் கழித்து வரும் காவல்துறையின் மறுப்பு ஏழாம் பக்கத்தின் அடியில் நான்கு வரியாக ஒதுங்கிவிடுகிறது. விசாரித்த அதிகாரியின் பெயரையும் அவர் சொன்னதையும் முதல் நாளே செய்தியின் முதல் பத்தியில் தரவும், மறுப்பு வரும்போது அதை வதந்தி வந்த அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வெளியிடவும் தங்கள் ஆசிரியர் குழு முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.