ஓட்டை பெரிதாகுமா?

ராலே, வட கரோலைனா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? இங்கே குளிர் இன்னும் விடவில்லை.

வகுப்பு எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். எடுப்பதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நான் உதவியாளனாக இருக்கும் முதலாண்டு இயற்பியல் வகுப்பில் மேடை கிடையாது. 7 அடி அகல வட்ட மேசைகள். மேசைக்கு 9 பேர், மும்மூன்று பேராகச் சேர்ந்து கணக்குப் போடுகிறார்கள். இந்த ஊர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பைக்னர் 1990களில் தொடங்கிய ஏற்பாடு. பேராசிரியர் மேசை மேசையாகச் சுற்றி வருகிறார், பந்தி விசாரிப்பவர் மாதிரி.

முதல் வாரமே என் மானம் போயிற்று. நடுவில் வட்ட ஓட்டை உள்ள இரும்புத் தகட்டைச் சூடாக்கினால் ஓட்டை பெரிதாகுமா, சிறிதாகுமா? முதலில் யாரிடமும் பேசாமல் கையிலிருக்கும் கிளிக்கரில், அதாவது விடையைப் பேராசிரியருக்கு அனுப்பும் சின்னப் பொத்தான் கருவியில், விடையை அழுத்த வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடிவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த வழக்கம். வகுப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி பிரிந்தால்தான் வாதம் சூடு பிடிக்கும்.

நானும் சும்மா அழுத்திப் பார்த்தேன்: சிறிதாகும். இரும்பு உள்பக்கமும் விரியுமே என்று கணக்கு. என் மேசையில் ஒரு சின்னப் பெண், "ஜாம் பாட்டில் மூடி இறுகிவிட்டால் வெந்நீரில் காட்டுவோமே, மூடி சுருங்கினால் எப்படித் திறக்கும்?" என்றாள்.

அப்போதுதான் நம் ஊர்க் கொல்லப்பட்டறை கண்ணில் வந்து நின்றது. வறட்டி அடுக்கித் தீ மூட்டி, பழுக்கக் காய்ந்த இரும்புப் பட்டையைக் குறடால் தூக்கி மரச்சக்கரத்தின் மேல் இறக்குவார்களே! தண்ணீர் ஊற்றியதும் சுர்ரென்று இறுகிப் பிடித்துக்கொள்ளும். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை பார்த்திருப்பேன். வெப்ப விரிவுக்கு வாய்பாடு எழுதி முழு மார்க் வாங்கியவனுக்குப் பட்டை ஞாபகம் வரவில்லை.

தேர்வில் தேறுவார்களா என்பீர்கள். அறிவியல், கணிதம், பொறியியல் வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. விரிவுரை மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேர் தோற்றிருக்கிறார்கள். மாணவர்களைச் செய்ய வைத்த வகுப்புகளில் 22 பேர். இருந்தும் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள்: இவ்வளவு ஃபீஸ் கட்டிவிட்டு எங்களுக்கு நாங்களே பாடம் நடத்திக்கொள்வதா? எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது. ஒளி விலகலை நீங்கள் கதை மாதிரி சொன்ன நாற்பது நிமிடத்துக்கு எந்தக் கிளிக்கரும் ஈடில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் யாருக்குப் புரியவில்லை என்று உங்களுக்கு விடைத்தாள் திருத்தும்போதுதானே தெரியும்? இந்தப் பேராசிரியருக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்த மாதம் ஒரு கேள்வியை நான் தயாரிக்க வேண்டும். பட்டறை இன்னும் இருந்தால் தம்பியை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சக்கரம் இல்லாவிட்டாலும் பழைய பட்டை ஏதாவது மூலையில் கிடக்கும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்