கால் அறுத்த நாற்காலியும் கைகொடுத்த ஆட்களும்

எல்லாருக்கும் வணக்கம்.

மாஸ்கோ கமோவ்னிகியில் டால்ஸ்டாய் 1882இல் வாங்கி, 1901 வரை குளிர்காலங்களைக் கழித்த, இப்போது மியூசியமாக இருக்கும் மரவீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, யார் புழங்கியது என்று இழுத்துக்கொண்டே போன என் கட்டுரை ஒருவழியாக முடிந்துவிட்டது. நன்றியைப் பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில், எழுத்தறையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த பாட்டியம்மாவுக்கு. மேசை முன்னால் கிடந்த குட்டை நாற்காலியைக் காட்டி, குழந்தையுடையதா என்று கையால் உயரம் காட்டிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, கையை ரம்பம் மாதிரி இழுத்துக் காட்டினார். அப்புறம் தன் கண்ணாடியைக் கழற்றி, மூக்கு மேசையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். கிட்டப்பார்வைக்காரர், கண்ணாடி போடாமல் நாற்காலிக் காலை அறுத்துவிட்டிருக்கிறார்!

என் மங்கலான படங்களை வைத்துக்கொண்டு ராத்திரியில் போனிலேயே அறிவிப்புகளைப் படித்துச் சொன்ன ரஷ்யன் டீச்சருக்கு எப்படி நன்றி சொல்ல? படிக்கட்டில் நிற்கும் பாடம் செய்த கரடியின் கையிலிருக்கும் தட்டு, வந்தவர்கள் விசிட்டிங் கார்டு போடுவதற்காம். டால்ஸ்டாயின் மனைவி சோபியா அம்மையாரின் மேசைக்கு நான் ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தேன். "அவர் எழுதினதை நகலெடுத்தது யாரு, புரூஃப் பார்த்தது யாரு?" என்று டீச்சர் திட்டிய திட்டில் அது மூன்று பக்கமாயிற்று, கட்டுரையில் உருப்படியான இடமும் அதுதான்.

தம்பிக்கு ஒன்று. அங்கே இருக்கும் சைக்கிளை வேடிக்கையாக எழுதியிருந்தேன். டால்ஸ்டாயின் கடைசிப் பிள்ளை வான்யா ஏழு வயது நிறையும் முன்பே இறந்துபோனது 1895 பிப்ரவரியில், அப்பா சைக்கிள் பழகியது அதே வருஷம், அதற்குப் பின்னால். இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினான், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

அப்புறம் எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணன். டால்ஸ்டாய் கையால் தைத்த பூட்ஸின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"யாருங்க தைச்சது?"

"ஒரு எழுத்தாளர்."

"வாங்கினவங்க போட்டு நடந்தாங்களா?"

பின்னால் மருமகனான சுகோதின் அதை டால்ஸ்டாயின் 12 தொகுதிகளுக்குப் பக்கத்தில் 13ஆம் தொகுதி என்று அடுக்கி வைத்த கதையைச் சொன்னேன்.

"அப்ப கடிச்சிருக்கும்."

அதையும் கட்டுரையில் சேர்த்துவிட்டேன். அண்ணனுக்கு ஒரு பிரதி நாளைக்கே கொடுக்கிறேன்.