வண்ணப் பெட்டியை ஒளித்து வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆட்டிசம் உள்ள ஓவியர் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் அவருடைய நினைவாற்றலைப் பற்றித்தான் பேசியது. லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயரைப் பற்றி எழுதுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்: ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்துவிட்டு நகரத்தையே வரைந்துவிடுவார் என்று. உண்மைதான், அபாரமான திறமை. ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கும் அந்தத் திறமை இல்லை. கோபமா, பயமா, பசியா என்று அவனுக்கே பல நேரம் பிடிபடாது. ஆட்டிசம் உள்ள பலருக்கும் இந்தச் சிரமம் உண்டு. சத்தம் தாங்காமல் போனால் கருப்பு கிரேயானை எடுத்து, தாள் கிழிகிற அளவுக்கு ஒரே இடத்தில் வட்டம் வட்டமாக அழுத்துவான். கொஞ்ச நேரத்தில் வட்டங்கள் பெரிதாகும், கை தளரும். அப்புறம் நீலத்தைத் தேடுவான். அதன் பிறகுதான் என்னைப் பக்கத்தில் உட்காரவே விடுவான். (‘இது என்ன படம்?’ என்று கேட்காத விருந்தாளிகளை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.)

‘பாடத்தை முடித்தால்தான் கிரேயான்’ என்று பழக்கச் சொன்னார் ஒரு பயிற்சியாளர். அடம் பிடித்தால் வண்ணப் பெட்டியை ஒளித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். தலைவலிக்காரரிடம் வேலையை முடித்தால்தான் மாத்திரை என்பது போலத்தான் இது.

அடுத்த முறை ஓவியரைப் பேட்டி காணும்போது, எத்தனை ஜன்னல் நினைவிருக்கிறது என்பதோடு, எப்போதெல்லாம் வரையத் தோன்றுகிறது என்றும் கேளுங்கள்.

- ஒரு தாய்