பார்சல் கட்டி வைத்திருக்கிறேன்

செம்பூர், மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள குட்டி,

வாட்ஸாப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அதில் நான் நான்கு வரி அடிப்பதற்குள் நீ 'ஓகேம்மா' போட்டுவிடுகிறாய், அப்புறம் எனக்கு எழுத வருவதில்லை. அதனால் காகிதத்தில் எழுதி, அப்பாவைக் கேட்காமல் நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என் கை நிழல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

தீபாவளிப் பலகாரம் பார்சல் கட்டியாகிவிட்டது. தாமதம்தான். தட்டை, ரிப்பன் பகோடா, பருப்புப் பொடி, மணத்தக்காளி வத்தல். லேகியம் வைக்கவில்லை. பால், நெய் சேர்ந்த எதுவும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள் என்று கூரியர் பையன் சொல்லிவிட்டான். நெய் இல்லாமல் லேகியமா என்று அப்பா அவனோடு சண்டைக்குப் போனார். மொத்தம் 4 கிலோ 200 கிராம்.

சாப்பிடுகிறாயா? போன வாரம் கன்னம் ஒட்டினாற்போல் இருந்தது. சரியாகத் தெரியவில்லை. நீ இப்போதெல்லாம் பின்னால் இருப்பதை மங்கலாக்கிவிட்டு வருகிறாய், அதில் உன் காதும் முடியும்கூடச் சேர்ந்து கரைந்துபோகிறது. முன்பு புத்தக அலமாரியும், அதன் மேல் நாம் தஞ்சாவூரில் வாங்கிய தலையாட்டிப் பொம்மையும் தெரியும். பொம்மை உடைந்துவிட்டதா என்று அப்பா கேட்டார். அதெல்லாம் இல்லை, ஏதோ செட்டிங் மாறியிருக்கிறது என்றேன்.

வேலை நாளில் பகலில் மெசேஜ் போட்டால் முன்பெல்லாம் ராத்திரிதான் நீலக் குறி விழும். இப்போது உடனே விழுகிறது. பதில்தான் இல்லை. சந்தோஷம்தான், அம்மா மெசேஜை உடனே பார்க்கிறாயே.

இன்னொன்று. பாங்க்கிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது, படிப்புக் கடன் தவணை இந்த மாதம் போகவில்லை என்று. நானும் கையெழுத்துப் போட்டவள் அல்லவா, அதனால் என் நம்பருக்கும் வருகிறது. சர்வர் கோளாறாக இருக்கும். நான் கட்டிவிட்டேன், நீ அதை யோசிக்காதே. அடுத்த மாதமும் சர்வர் சரியாக இல்லையென்றால் அதையும் கட்டிவிடுகிறேன். பென்ஷன் வருகிறது, எங்கள் இரண்டு பேருக்கு என்ன செலவு. ஆனால் கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் எப்போதும் இருக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதே.

மூன்றாம் மாடிப் பையன் வியன்னாவில் வேலை தேடப்போகிறானாம். அங்கே சிவப்பு-வெள்ளை-சிவப்பு அட்டை என்று ஒன்று கொடுப்பார்களாமே, அது எந்தக் கம்பெனி பெயரில் வாங்கினோமோ அந்தக் கம்பெனிக்குத்தான் செல்லுமாமே. நடுவில் வேலை மாறினாலோ, ஏதோ காரணத்தால் நின்றுபோனாலோ எத்தனை நாள் அங்கே இருக்கலாம் என்று கேட்டான். அவனுக்காகத்தான் கேட்கிறேன். நேரம் இருந்தால் எழுது. அவனுக்கு அவசரமில்லை.

திருச்சி கல்யாணத்துக்குப் போய் வந்தோம். சாம்பார் சுமார், பாயசம் நன்றாக இருந்தது. பெரியம்மா வழக்கம்போல "உன் பொண்ணு இப்போ என்னதான் பண்றா?" என்றாள். கம்பெனிக்காரர்கள் செயற்கைக்கோளை மேலே விட்டுவிட்டு, ஆயுசு முடிந்ததும் அங்கேயே போட்டுவிட்டுப் போகாமல் இருக்கச் சட்டதிட்டம் எழுதுகிறாள் என்றேன். "ஓ, முனிசிபாலிட்டியா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். யோசித்தால் அவ்வளவு தப்பில்லை. ஆனால் முனிசிபாலிட்டிக்கு வண்டியாவது இருக்கிறது. உங்களுக்கு 1967 விண்வெளி ஒப்பந்தமும், 2019-ல் வியன்னாவில் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட 21 வழிகாட்டு நெறிகளும்தான். நெறியை மீறினால் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

ஜூனில் ஐ.நா. கட்டடத்துக்கு வெளியே நீ கொடியெல்லாம் தெரிய எடுத்த போட்டோவை அப்பா பிரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார், தாத்தா படத்துக்குப் பக்கத்தில். மாலை போடாத ஒரே படம் அதுதான் என்று நான் கிண்டல் செய்தேன், அவருக்குக் கோபம். உன் துறைச் செய்தி எது வந்தாலும் கத்தரித்து ஃபைலில் ஒட்டுகிறார். 2022 ஏப்ரலில் நம் சந்திரபூர் மாவட்டத்தில் சிந்தேவாஹி பக்கம் ஒரு கிராமத்தில் விழுந்ததே, 3 மீட்டர் அகல வளையம், சீன ராக்கெட்டின் மிச்சம் என்றார்களே, அதுதான் முதல் பக்கம். அதற்கு அடுத்த வருஷம் நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் துண்டு ஆஸ்திரேலியக் கரையில் ஒதுங்கியது. அதை அவர் ஒட்டமாட்டேன் என்றார், நான்தான் ஒட்டினேன். நம் சாமான் என்றால் மட்டும் மறைப்பதா?

உன் பேச்சையும் யூடியூபில் கேட்டோம். எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் "சின்ன வயதில் அப்பா என்னை ஜுஹு கடற்கரைக்கு அழைத்துப் போனார், அங்கே ஒரு அனாதைக் கப்பலைப் பார்த்தேன், அங்கே ஆரம்பித்தது எல்லாம்" என்றாயே, அது தப்பு. அழைத்துப் போனது நான். அப்பாவுக்கு அன்று பல்வலி. அந்தேரியில் இறங்கி ஆட்டோவுக்கு முக்கால் மணி நேரம் நனைந்துகொண்டு நின்றது நீயும் நானும். 2011 ஜூலை 31-ல் கரை தட்டியது, 'பவித்' என்று பெயர். ஓமன் பக்கம் மாலுமிகள் விட்டுவிட்டுப் போன கப்பல், ஒரு மாதம் ஆளே இல்லாமல் மிதந்து, யார் கண்ணிலும் படாமல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. நாம் போனபோது சுட்ட சோளம் விற்கிறவனுக்குத்தான் அமோக வியாபாரம். நீ சோளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாரோடது? ஏன் யாரும் வரலை?" என்று கேட்டாய். இன்சூரன்ஸ் கம்பெனியில், கப்பல் நஷ்டஈடு பார்க்கும் மரைன் கிளெய்ம் செக்ஷனில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது. திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அதையெல்லாம் அப்பா கணக்கில் எழுதிவிட்டாய். சரி, போகட்டும்.

அந்தச் செக்ஷன் புத்தியில் ஒன்று சொல்கிறேன், உனக்குத் தெரியாததில்லை. கடலில் கைவிட்ட கப்பலைக் காப்பாற்றினால் காப்பாற்றியவனுக்குக் கூலி உண்டு. மூழ்கிக் கிடந்து வழியை அடைத்தால் சொந்தக்காரன் எடுக்க வேண்டும் என்று 2007-ல் நைரோபியில் ஒப்பந்தம் போட்டார்கள், 2015-ல் நடைமுறைக்கும் வந்தது. மேலே அதெல்லாம் கிடையாது. செத்த செயற்கைக்கோளும் பதிவு செய்த நாட்டின் அதிகாரத்தில்தான் இருக்கிறது, கேட்காமல் தொடக் கூடாது என்று நீதான் எனக்குச் சொன்னாய். அமெரிக்காவின் இரிடியம் செயற்கைக்கோளும் ரஷ்யாவின் காஸ்மாஸும் 2009-ல் மோதிக்கொண்டனவே, அந்தக் காஸ்மாஸ் 1995-லேயே செத்துப்போனது. 1972 நஷ்டஈட்டு ஒப்பந்தப்படி செயற்கைக்கோள் தரையில் விழுந்தால் பேசாமல் பணம் கொடுக்க வேண்டும், மேலே மோதினால் தப்பு யாருடையது என்று நிரூபிக்க வேண்டும். செத்துக் கிடப்பதன் மேல் என்ன தப்பைச் சொல்வது? சர்வேயரை அனுப்பிப் பார்த்துவிட்டு வா என்றா சொல்ல முடியும்? உன் கட்டுரையில், வேலை முடிந்த செயற்கைக்கோளை 25 வருஷத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்ற விதியை அமெரிக்கா 5 வருஷமாகக் குறைத்ததற்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், இன்சூரன்ஸுக்கு ஒரு பாரா. அங்கே கொஞ்சம் நின்றிருக்கலாம். கீழ்ச் சுற்றுப்பாதையில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை இன்சூரன்ஸே இல்லாமல் ஓடுகின்றன. பிரீமியம் ஏறினால் தானாக ஒழுங்கு வரும். சட்டத்துக்குப் பயப்படாத கப்பல் முதலாளிகள் பிரீமியத்துக்குப் பயந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழைய செயற்கைக்கோளைச் சரியாக அப்புறப்படுத்தாததற்கு 2023-ல் அமெரிக்கா டிஷ் கம்பெனிக்கு 1,50,000 டாலர் அபராதம் போட்டதை "டீச்செலவு" என்று கேலி செய்திருந்தாய். முதல் கிளெய்ம் எப்போதும் சின்னதாகத்தான் வரும், குட்டி. 1978-ல் ரஷ்யாவின் அணு உலை வைத்த செயற்கைக்கோள் கனடாவில் விழுந்தபோது கனடா 60 லட்சம் டாலர் கேட்டது, 1981-ல் 30 லட்சத்துக்கு முடிந்தது. பாதி. எங்கள் செக்ஷனில் அதற்கு ஸ்வீட் வாங்கியிருப்பார்கள்.

அப்பா ஃபைலில் மேகா-ட்ராபிக்ஸ் செயற்கைக்கோள் சமாச்சாரமும் இருக்கிறது. நீ ஜுஹுவில் கப்பல் பார்த்த அதே வருஷம் மேலே போனது, வேலை முடிந்ததும் 2023 மார்ச்சில் இஸ்ரோ பசிபிக் பக்கமாக இறக்கிவிட்டார்கள். இப்படி இறக்குவோம் என்று திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனால் எரிபொருள் மிச்சம் இருந்தது, அதனால் முடிந்தது. கையில் மிச்சம் வைத்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் பார். திரும்பி வருவதற்கு வேண்டியது எப்போதும் இருக்க வேண்டும். செயற்கைக்கோளைத்தான் சொல்கிறேன்.

இங்கேயும் நிலைமை முன்பு மாதிரி இல்லை என்கிறார்கள். தனியாருக்கு அனுமதி கொடுக்கிற இன்ஸ்பேஸ் அகமதாபாத்தில் இருக்கிறது, காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே. விண்வெளிக் கொள்கை 2023-ல் வந்துவிட்டது. 2030-க்குள் நம் ஏவுதல் எதிலும் குப்பை மிஞ்சக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். சட்டத்துக்கு மட்டும் 2017-ல் வரைவு போட்டதோடு சரி, இன்னும் சட்டமாகவில்லை. ஒரு கம்பெனி விட்டது எங்கோ போய் விழுந்தாலும் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம், அப்படியானால் அந்தச் சட்டத்தை எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும்தானே. பெங்களூரிலும் ராக்கெட், செயற்கைக்கோள் என்று எத்தனையோ சின்னக் கம்பெனிகள். வா என்று சொல்லவில்லை. உன் இஷ்டம். நான் எப்போதாவது வா என்றோ போ என்றோ சொல்லியிருக்கிறேனா?

சொல்லியிருக்கிறேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று பொடி அரைக்கும்போதே நினைத்தேன், மூன்று பக்கம் சுற்றிவிட்டேன்.

நீ பிடிவாதம் பிடிக்கும்போதெல்லாம் ஒன்று சொல்வேனே. "உனக்காகத்தான் கொச்சி டிரான்ஸ்ஃபர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், இல்லையென்றால் இந்நேரம் நான் மேனேஜர்." நீ இன்ஜினீயரிங் வேண்டாம், சட்டம் படிக்கிறேன் என்றபோது சொன்னேன். நெதர்லாந்தில் லெய்டனுக்குப் படிக்கக் கிளம்பும்போது ஏர்போர்ட்டிலும், பெரியம்மா எதிரில். நீ ஒன்றும் பேசாமல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனாய், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொச்சி டிரான்ஸ்ஃபர் என்று ஒன்று கிடையாது. நான் பிரமோஷன் பரீட்சையில் ஃபெயில். 1998-ல் ஒரு தடவை, 2000-ல் ஒரு தடவை. முதல் தடவை எழுதியதையே யாருக்கும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை, நீ அப்போது எல்.கே.ஜி., லிஸ்ட் ஒட்டியதும் சி.எஸ்.டி. ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து மூன்று ஹார்பர் லோக்கலை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா "என்ன ஆச்சு?" என்றார். பாஸ், ஆனால் கொச்சிக்குப் போடுகிறார்கள், குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுவாக வந்தது. அப்பா அன்றைக்கு கேசரி கிளறினார். பாஸானதற்கு இல்லை, போகாமல் இருந்ததற்கு. அந்தக் கேசரியை நான் எப்படி விழுங்கினேன் என்று முருகனுக்குத்தான் தெரியும்.

அடுத்த தடவை எழுதியிருக்கலாம். எங்கள் செக்ஷனிலேயே மூன்றாவது, நான்காவது தடவையில் பாஸானவர்கள் இருந்தார்கள். ஆனால் வீட்டில் தியாகி ஆகிவிட்ட பிறகு என்ன சொல்லிக்கொண்டு மறுபடி படிக்க உட்காருவது? அப்படியே உட்கார்ந்துவிட்டேன், ரிட்டையர் ஆகும்வரை அதே மேஜை. பழியை மட்டும் உன் தலையில் வைத்தேன்.

அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. நீ போனில் எதையும் உளறிவிடாதே. பொங்கலுக்குள் நானே சொல்கிறேன். ஏன் இப்போது எழுதினேன் என்றும் கேட்காதே. கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சஷ்டிக்கு சேடா நகர் முருகன் கோயிலில் அத்தனை படியும் ஏறினேன், முட்டி இரண்டு நாள் பேசியது. குளிருக்குக் காதை மூடிக்கொள். ராத்திரி வெறும் ரொட்டி சாப்பிட்டுப் படுக்காதே, ஒரு பிடி சாதம் வைத்தால் பொடியைப் பிசைந்து சாப்பிடலாம். அரிசி வாங்கிக்கொள்.

பார்சல் மேல் உன் பெயரும் போன் நம்பரும் எழுதி, விலாசத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். கூரியர் பையன் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வருவான். எந்த விலாசம் எழுதட்டும்?

அம்மா

பின்குறிப்பு: செவ்வாய்க்குள் முடியாவிட்டால் பரவாயில்லை. தட்டை கெடாது. பையனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.