பழைய வீட்ட காப்பாத்துனா ஹோட்டல்தான் நடத்தணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

புதுச்சேரியில பழைய வீடுங்க இடிபடுறத பத்தி உங்க பேப்பர்ல அடிக்கடி வருது, படிக்கிறப்பல்லாம் வயிறு எரியுது. ஆனா காப்பாத்துன வீடுன்னு எதையாவது போட்டோ போட்டா அது பெரும்பாலும் ஹோட்டலா இருக்கு, இல்ல கஃபேயா இருக்கு. குடும்பமா அதுலயே குடியிருக்க நெனைக்கிறவங்க கதைய யாரும் எழுதறதில்லயேன்னுதான் இந்த லெட்டர்.

எங்க வீடு, ஊர பிரெஞ்சு பகுதி, தமிழ் பகுதின்னு பிரிக்கிற கால்வாய்க்கு மேற்கால, தமிழ் பகுதியில இருக்கு. கீழ திண்ணை, தாழ்வாரம், முற்றம்னு முழுக்க தமிழ் வீடு, மாடி மட்டும் வளைவு ஜன்னல் வச்ச பிரெஞ்சு பாணி. 1761ல இங்கிலீஷ்காரங்க தரைமட்டமாக்குன பிறகு மறுபடி எழும்பின ஊரு இது, இந்த மாதிரி கலந்து கட்டுன வீடு வேற எங்க இவ்வளவு கிடைக்கும் சொல்லுங்க. மாமியாருக்கு முட்டி வலி, ராத்திரி கொல்லைப்பக்கம் போக முடியல, பிள்ளைங்களுக்கு ஏசி வேணும், அதனால வீட்ட மாத்தியே ஆகணும்னு நிலைமை. பார்க்க வந்த இன்ஜினியர் பத்து நிமிஷம் கூட நிக்கல, இடிச்சிட்டு ஃப்ளாட் கட்டிடுங்கன்னுட்டு கிளம்பிட்டாரு. பேங்க்ல புதுசா கட்டுறதுன்னா லோன் தரேன், இத்தனை வயசான கட்டடத்த ரிப்பேர் பண்ண தரமாட்டேன்றாங்க. இப்படி ஆளாளுக்கு இடிக்கவே வழி காட்டுனா எத்தனை குடும்பம்தான் தாங்கும்?

நாங்க நகைய வச்சுதான் வேலைய ஆரம்பிச்சோம். முன்னாடி எப்பவோ கீழ் சுவருக்கெல்லாம் சிமெண்ட் பூசி வச்சிருந்தாங்க, அதுதான் பெரிய கேடு. சுண்ணாம்புச் சுவர் தரையில இருந்து ஏறுற ஓதத்த தானா வெளிய விட்டுடும், மேல சிமெண்ட் போட்டா அந்த ஈரம் உள்ளயே நின்னு உப்பு பூத்து பெயிண்ட்டோட பொரிஞ்சு விழும். சிமெண்ட்ட கொத்தி எடுத்தா உள்ள செங்கல் ஈரமா, கை வச்சா மாவா உதிருது. கொஞ்ச நாள் அப்படியே காய விட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசினோம். இதுக்கு கொத்தனார் தேடுனதுதான் பெரும்பாடு, கடைசியா கடலூர் பக்கம் இருந்து வயசான ஒருத்தர் வந்தாரு, சுண்ணாம்ப தொட்டியில ஊறவச்சு, கடுக்காய் வெல்லத்தண்ணி சேர்த்து, அவசரப்படுத்தாதம்மான்னு சொல்லிட்டு அவர் போக்குல செஞ்சாரு. இன்னைக்கு அந்த சுவர் கை வச்சா சில்லுனு இருக்கு, உப்பு தட்டவே இல்ல.

மாடித்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டை மேல செங்கல்ல நிறுத்தி வச்சு மூலைவாட்டமா அடுக்கி சுண்ணாம்பு ஜல்லி போட்ட தளம். ஒழுகுதுன்னு ஒவ்வொரு தடவையும் மேல மேல தளம் போட்டு வெயிட் ஏத்தியிருந்தாங்க, அத இறக்குனதுமே பாதி பிரச்சனை தீர்ந்துச்சு. சுவருக்குள்ள சொருகியிருக்கிற கட்டை நுனிதான் முதல்ல மக்குமாம், அப்படி மக்குனத மட்டும் ஆசாரி மாத்துனாரு, மிச்சமெல்லாம் இரும்பு மாதிரி இருக்கு.

பாத்ரூம பழைய சுவர்ல தண்ணி படாம கொல்லைப்பக்கம் தனி அஸ்திவாரம் போட்டு கட்டி, மாமியார் ரூம்ல இருந்து படி இல்லாம போற மாதிரி வச்சோம். ஒயரிங்குக்கு சுவர வெட்டல, விட்டத்த ஒட்டி பைப்ல போகுது. முற்றத்துக்கு மேல கண்ணாடி போட்டாலும் சுத்தி இடைவெளி விட்டு தூக்கி வச்சிருக்கோம், சூடான காத்து மேல போயிடுது, ஏசி ரெண்டு ரூம்ல மட்டும்தான், அதுவும் மே மாசம்தான் அதிகமா ஓடுது.

அரசாங்கத்துக்கு இது தெரியாத விஷயம் இல்ல. வைசியாள் வீதியில, பழைய கட்டடங்கள பாதுகாக்கிற இன்டாக் அமைப்போட ஆளுங்க வீட்டுக்காரங்களோட சேர்ந்து செஞ்ச வேலைக்கு 2008ல யுனெஸ்கோ விருதே கிடைச்சிருக்கு. ஆனா 2014 நவம்பர் மழையில கவர்ன்மென்ட் கைல இருந்த மேரி கட்டடமே, அதான் பிரெஞ்சுக்காரங்க காலத்து நகராட்சி கட்டடமே விழுந்துச்சு, மாச சம்பளக்காரன் வீட்டுக்கு யாரு கை குடுக்கிறது? ஐடிஐல சுண்ணாம்பு வேலைக்கு ஒரு கோர்ஸ் ஆரம்பிங்க, இருக்கிற வயசான கொத்தனாருங்களையே வாத்தியாரா போடுங்க. பழைய வீட்ட ரிப்பேர் பண்ண பேங்க் லோன் கிடைக்க வழி பண்ணுங்க. வித்துட்டுப் போகாம அதுலயே குடியிருக்கிறவங்களுக்கு வீட்டு வரியில கொஞ்சம் சலுகை குடுங்க.

எங்க தெருவுலயே இன்னும் ரெண்டு மூணு வீட்டுக்காரங்க இடிக்கலாமா வேணாமான்னு குழம்பிட்டு இருக்காங்க, பில்டருங்க தினம் வந்து பேசிட்டு இருக்காங்க. தயவுசெஞ்சு உங்க நிருபர அனுப்பி அவங்ககிட்ட பேசச் சொல்லுங்க, எங்க வீட்டையும் திறந்து காட்டுறோம், செலவுக் கணக்கு நோட்டையும் தரோம், அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுச்சேரி