ஞாயிறு ஸ்கான் வேலை: பழைய மலர்கள் தேவை

வணக்கம். ஞாயிறு காலை 10 மணிக்கு வெள்ளவத்தையில், வழக்கமான இடத்தில் கூடுகிறோம். வீட்டு அலுமாரியில் கிடக்கும் கும்பாபிஷேக மலர், பாடசாலை மலர், நின்றுபோன சிற்றிதழ் எதுவானாலும் கொண்டுவாருங்கள். தையலைப் பிரிக்க மாட்டோம்; அன்றே திருப்பித் தருவோம்.

ஸ்கான் செய்தவற்றை, 2005 இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத்துக்குக் கொடுக்க எண்ணம். ஈழத்துப் பதிப்புகளை யாரும் காசில்லாமல் வாசிக்கலாம். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

உரிமை விஷயம் கொஞ்சம் சிக்கல். இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை, எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை உண்டு. ஆகவே அவரிடமோ வாரிசிடமோ எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். படங்களையும் கோப்புகளையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து வைத்திருக்கும் விக்கிமீடியா பொதுவகம் என்ற இணையதளத்தில் ஏற்ற வெறும் அனுமதி போதாது. யாரும் மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்ற கட்டற்ற உரிமம் வேண்டும். அதற்குப் பலர் தயங்குவார்கள். சரி, வற்புறுத்த வேண்டாம்.

அப்புறம், கடையில் விற்கும் புதுப் புத்தகங்களின் பிடிஎஃப்பை இங்கே பகிராதீர்கள். அதற்கும் திறந்த அறிவுக்கும் சம்பந்தமில்லை.

வருபவர்கள் சனி இரவுக்குள் பெயர் போடுங்கள். மடிக்கணினி இருந்தால் நல்லது.